கேலியை நிறுத்த வேடிக்கை பார்க்கிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்

காங்கேயம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறார். சாயங்காலம் ஊர் இளைஞர் மன்றத்தில் பசங்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெற்றோர் ஒடிசாவிலிருந்து வந்து தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறார்கள். அவனுக்கு ஒரு பெயர் இருந்தும் எல்லாரும் 'வடக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பையை ஒளித்து வைக்கிறார்கள். சாப்பிடும்போது அவன் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வாட்ஸ்அப்பில் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர் செய்து அனுப்புகிறார்கள். வகுப்பாசிரியரிடம் சொன்னதற்கு, "பசங்கன்னா அப்படித்தானுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றாராம். முன்னின்று செய்கிற மூன்று பேரை மன்றத்திலிருந்து நீக்கிவிடலாமா, பையனுக்குக் கவுன்சலிங் ஏற்பாடு செய்யலாமா, இனி பள்ளியிலும் மன்றத்திலும் இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி என்று கேட்கிறார்.

நான் கோபிசெட்டிபாளையம், பவானி பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்தவன். ஜூனியர் ரெட் கிராஸ் பொறுப்பும் பார்த்தேன். இந்த விஷயத்தைத் தேடிப் படித்தும் வந்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.

மூன்று பேரை நீக்குவதிலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் பையனுக்குத் தைரியம் சொல்வதிலிருந்தும் தொடங்காதீர்கள். சுற்றி நின்று சிரிக்கிற, அல்லது பேசாமல் பார்க்கிற இருபது பேரிடமிருந்து தொடங்குங்கள். கூடவே, பெரியவர்கள் கண் படாத இடம் எது, நேரம் எது என்று கண்டுபிடியுங்கள். இந்த இரண்டையும் தொடாமல் வேறு எதைச் செய்தாலும், மூன்று பேர் போன இடத்தில் வேறு மூன்று பேர் வந்து நிற்பார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பசங்கள் சண்டை போடுவது வேறு, இது வேறு. நார்வேயில் வேலை செய்த டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். 1982 கடைசியில் அந்த நாட்டில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. சக மாணவர்களின் கொடுமைதான் பெரும்பாலும் காரணம் என்று தெரிந்ததும் 1983ல் அரசே நாடு முழுக்க இயக்கம் தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் அவருடைய தடுப்புத் திட்டம். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஒரு பக்கம் பலம் அதிகமாக இருப்பது. பலம் என்றால் உடம்புப் பலம் மட்டும் இல்லை. ஆள் எண்ணிக்கை, சாதி, பணம், மொழி, மார்க், ஊரில் அப்பாவுக்கு இருக்கும் செல்வாக்கு எல்லாமே பலம்தான்.

கபடியில் பாயிண்ட் தகராறில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்துக் கைகொடுக்கச் சொன்னால் முடிந்துவிடும். ஆனால் நீங்கள் சொன்ன பையன் விஷயத்தில் அதைச் செய்தால் கெடுதல்தான் வரும். மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு வகுப்பு. இந்தப் பக்கம் தமிழே முழுதாகப் பிடிபடாத ஒருவன். அவர்களை ஒரே அறையில் உட்காரவைத்து "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு, சமாதானமாப் போங்க" என்றால், அவனுக்குக் கேட்பது ஒன்றுதான்: நமக்காக யாரும் இல்லை. வெளியே போனதும் மற்றவர்கள் செய்யப்போகும் முதல் காரியம், 'சொல்லிக்கொடுத்ததற்கு' அவனுக்குத் தண்டனை கொடுப்பது.

இனி வேடிக்கை பார்க்கிறவர்கள். பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடன் இருந்தவர்களும் 1996ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வகுப்பில் செய்கிறவன், படுகிறவன் என்று இரண்டு பேர் மட்டும் இல்லை. கூட இருந்து கை கொடுக்கிறவன், சிரித்தும் கத்தியும் ஏற்றிவிடுகிறவன், ஒதுங்கி நிற்கிறவன், படுகிறவனுக்குத் துணை போகிறவன் என்று எல்லாருக்குமே இதில் ஒரு பங்கு இருக்கிறது என்று காட்டினார்கள். நம் ஊர் வகுப்பறையை மனதில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும். 'வடக்கா' என்று முதலில் சொன்னவன் ஒருவன். அந்தச் சொல்லுக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அவன் நாலு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டிருப்பான். சிரிப்பு வந்தது, தொடர்ந்தான். அவனுக்குக் கிடைக்கும் கூலியே அந்தச் சிரிப்புதான்.

கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பதிவுசெய்து பார்த்த ஆய்வு ஒன்று 2001ல் வந்தது. இப்படிப்பட்ட சம்பவங்களில் 88 சதவீதத்தில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். யாராவது குறுக்கே போனது 19 சதவீதத்தில்தான். ஆனால் அப்படிக் குறுக்கே போனபோது, பாதிக்கு மேல், அதாவது 57 சதவீத முறை, பத்து நொடிக்குள் நின்றுவிட்டது. இந்த எண்களை ஆசிரியர்களிடமும் உங்கள் மன்றப் பயிற்சியாளர்களிடமும் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு பெரியவர் ஓடி வந்து சேருவதற்குள் பக்கத்தில் இருக்கிற ஒரு பிள்ளை நிறுத்திவிட முடியும்.

அதற்காகப் பிள்ளைகளை வீரம் காட்டச் சொல்லக்கூடாது. பெரும்பாலான பிள்ளைகள் குறுக்கே போகாததற்குக் காரணம் கெட்ட மனசு இல்லை, பயம். அடுத்து நம்மைப் பிடித்துக்கொள்வார்களே என்ற பயம். ஆகவே பயமில்லாமல் செய்யக்கூடிய சின்னச் சின்ன வேலைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிரிக்காமல் இருப்பது ஒன்று. "வாடா, பி.டி. சார் கூப்பிடறாரு" என்று சொல்லி அவனை அந்த இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவது ஒன்று. சோறு சாப்பிடும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவது. ஸ்டிக்கர் வந்தால் அடுத்த குரூப்புக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வது. அப்புறம் தனியே அவனிடம், "நேத்து அவனுக பண்ணுனது சரியில்லடா" என்று ஒரு வார்த்தை. படுகிற பிள்ளையை உள்ளுக்குள் அதிகம் வதைப்பது, 'எல்லாருமே என்னை வெறுக்கிறார்கள்' என்ற எண்ணம். அந்த ஒரு வார்த்தை அதை உடைத்துவிடும். இதையெல்லாம் வகுப்பில் நடித்தே பழகலாம். ஆனால் அந்தப் பையன் கதையை வைத்து நடிக்கக்கூடாது, வேறு ஊர், வேறு பெயர், வேறு காரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'மாணவர் தலைவன்' என்று நாலு பேரைப் பொறுக்கி, பேட்ஜ் குத்தி, "யாராவது கேலி பண்ணினால் நீங்க பார்த்துக்கோங்க" என்று விடுவது பல பள்ளிகளில் நடக்கிறது. மரியா டோஃபி, டேவிட் ஃபாரிங்டன் இருவரும் பல நாடுகளின் தடுப்புத் திட்டங்களை ஒன்றாக வைத்துப் பார்த்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல திட்டங்கள் நடந்த பள்ளிகளில் கொடுமை செய்வது சராசரியாக 20 முதல் 23 சதவீதம் வரை குறைந்தது. கொடுமைக்கு ஆளாவது 17 முதல் 20 சதவீதம் வரை குறைந்தது. அதில் மைதானத்தில் பெரியவர்கள் கண் வைப்பதும், பெற்றோரைக் கூட்டிப் பேசுவதும் பலன் தந்த திட்டங்களில் இருந்தன. ஆனால் சக மாணவர்களையே நடுவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் வைத்த இடங்களில் கொடுமைக்கு ஆளாவது அதிகரிக்கவே செய்தது. பின்லாந்தில் 2009 முதல் பள்ளிகளில் பரவலான கிவா என்ற தடுப்புத் திட்டம் வேறு மாதிரி. அது சில பிள்ளைகளுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை, மொத்த வகுப்பின் வழக்கத்தை மாற்றப் பார்த்தது. தனித்தனிச் சம்பவங்களைப் பயிற்சி பெற்ற பெரியவர்களே கையாண்டார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். பொறுப்பு பெரியவர்களுடையது. பிள்ளைகளிடம் நாம் கேட்பது, அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொள்வதைத்தான்.

அடுத்தது இடம். ஒரு வெள்ளைத் தாளில் பள்ளியின் வரைபடம் போட்டு, ஏழாவது முதல் பத்தாவது வரை ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். "எந்த இடத்துல போக உனக்குப் பிடிக்கலையோ, பயமா இருக்கோ, அங்க ஒரு பெருக்கல் குறி போடு. எந்த நேரம்னு எழுது" என்று சொல்லுங்கள். கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சைக்கிள் ஸ்டாண்ட், கட்டடத்துக்குப் பின்பக்கம், ஆசிரியர் வராத பீரியடில் வகுப்பறையே. இவைதான் பெரும்பாலும் வரும். நாள் முழுக்க ஒண்ணுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்; காரணம் கழிப்பறை அசுத்தம் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. வரைபடம் வந்ததும் இடைவேளையில் எந்த ஆசிரியர் எங்கே நிற்பது என்று மாற்றிப் போடுங்கள். செலவே இல்லாத வேலை இது.

வரைபடத்தில் பள்ளிக்கு வெளியே இருக்கிற இடங்களையும் சேருங்கள். நம் கொங்கு நாட்டில் இது ரொம்ப அவசியம். தனியார் பள்ளி வேன்களும் பஸ்களும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகின்றன. முதலில் ஏறுகிற பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் இருக்கும். ஒன்றாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒரே வண்டியில். அங்கே இருக்கும் பெரியவர் டிரைவரும் ஒரு ஆயாவும்தான். பின் சீட்டு யாருக்கு என்பதில் தொடங்கி, சின்னப் பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பிடுங்குவது, கெட்ட வார்த்தை சொல்லவைப்பது வரை அங்கேதான் நடக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து இருட்டில் நடந்து வரும் பாதையும். பள்ளியில் இதைப் பற்றிக் கூட்டம் போடுகிறீர்கள் என்றால் டிரைவரையும் ஆயாவையும் சத்துணவு சமைக்கிற அக்காவையும் கூப்பிடுங்கள். எந்தப் பிள்ளை தனியே உட்காருகிறது என்று தலைமையாசிரியரை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விடுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் மார்க்குக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகளுக்கு எத்தனையோ மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மலைப் பகுதிகளில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பகலில் பட்டதை இரவில் அம்மாவிடம் சொல்ல முடியாத பிள்ளைகள் இவர்கள். வாரத்துக்கு ஒரு முறை, பக்கத்தில் வார்டன் நிற்காமல் வீட்டுக்குப் பேச விடுவதையே பெரிய பாதுகாப்பு என்பேன். விடுதியில் சேர்க்கும்போது பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இரவு பத்து மணிக்கு மேல் அந்த மாடியில் எந்தப் பெரியவர் இருப்பார் என்பதுதான்.

கேலிக்கான சரக்கு எங்கிருந்து வருகிறது? பிள்ளைகள் அதைத் தாங்களாக உண்டாக்குவதில்லை. நம் வீட்டுத் திண்ணையில், டீக்கடையில், ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், கூடுகிற இடத்தில் நாம் பேசுவதுதான் வகுப்பறைக்குப் போகிறது. "இந்த வடக்கத்தியானுக வந்து..." என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பையன் 'வடக்கா' என்கிறான். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது திருப்பூர், கோவைப் பக்கம் எத்தனை குடும்பங்கள் பயந்துபோயின என்பது நமக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். நம் மில்லும் பனியன் கம்பெனியும் அவர்கள் பெற்றோரின் உழைப்பில் ஓடுகின்றன. பிள்ளைக்கு இங்கே பெயர்கூட இல்லை என்றால் அது நமக்குத்தான் கேவலம்.

சாதியை நான் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. புதுப் பையன் வந்தால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கும் வழக்கம் எட்டாம் வகுப்பிலேயே இருக்கிறது. நேரடியாகச் சாதிப் பெயர் சொல்லாமல், தெருப் பெயரைச் சொல்லி, அப்பா செய்யும் தொழிலைச் சொல்லிக் குத்துவது அதைவிட அதிகம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவனையும் தடுக்க வந்த தங்கையையும். சாதியைச் சொல்லி அவனைத் தொல்லைப்படுத்தியதைப் பள்ளியில் சொன்னதற்குத்தான் இந்த வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு, நெற்றியில் அடையாளம் ஆகியவற்றுக்குத் தடை, அகர வரிசைப்படி மாணவர்களை உட்காரவைப்பது போன்ற பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. "அதெல்லாம் தெக்கத்திப் பிரச்சினை" என்று நம் பக்கம் சொல்வதை நான் ஏற்கவில்லை. இங்கே கயிறு குறைவாக இருக்கலாம். பைக் ஸ்டிக்கரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அந்த வேலையைச் செய்கின்றன. நாங்குநேரியில் நடந்ததிலிருந்து நாம் கற்க வேண்டிய இன்னொன்று: சொன்ன பிள்ளைக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் புகாரை மட்டும் வாங்கிக்கொள்ளக்கூடாது.

உங்கள் ஊர் மன்றத்தில் வள்ளி கும்மி, ஒயில் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்றால், அந்த வட்டத்தில் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் நிற்கிறார்களா என்று பாருங்கள். அழைப்பிதழில் 'அனைவரும் வருக' என்று போட்டால் போதாது. காலனிக்குப் போய், மில் லைன் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். ஒன்றாகக் கால் எடுத்து வைத்து ஆடிய பிள்ளைகளுக்கு மறுநாள் வகுப்பில் ஒதுக்கிவைப்பது அவ்வளவு சுலபமாக வராது.

சரி, இப்போது நடந்துகொண்டிருக்கிற விஷயத்துக்கு வருவோம். பையனிடம் யார் பேசுவது? அவனுக்குப் பிடித்த ஒரு பெரியவர். ஆசிரியராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். மற்றவர் பார்க்கிற இடத்தில் கூப்பிடாதீர்கள். "சொன்னது நல்லதுப்பா. இதுல உன் தப்பு எதுவும் இல்லை" என்பது முதல் பேச்சாக இருக்கட்டும். "நீ ஏன் திருப்பி அடிக்கல?", "கண்டுக்காம விடு", "நீ என்ன பண்ணின?" என்ற மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். திருப்பி அடித்தால் அவனுக்குத்தான் அடி அதிகம் விழும். கண்டுகொள்ளாமல்தான் இத்தனை நாள் இருந்திருக்கிறான். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். யாரிடம் சொல்லப்போகிறோம், எதற்கு என்று அவனிடமே சொல்லுங்கள். எது அவனுக்கு அதிகப் பயம் என்று கேளுங்கள். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவன் பெற்றோரிடம் பேச ஒடியா தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வேலையைப் பையன் தலையில் கட்டக்கூடாது. தான் பட்டதைத் தானே மொழிபெயர்த்து அப்பாவிடம் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் கொடுமை.

செய்த மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியே, ஒரே நாளில் கூப்பிடுங்கள். சேர்த்துக் கூப்பிட்டால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்துத் தைரியம் வந்துவிடும். போலீஸ் விசாரணை மாதிரி வேண்டாம். "இது நடந்திருக்கு, எனக்குத் தெரியும். இது இன்னையோட நிக்கணும். இதைச் சரிபண்ண நீ என்ன செய்வே?" அவ்வளவுதான். ஸ்டிக்கரை எல்லா குரூப்பிலும் அழிப்பது, ஒளித்த பொருளைக் கொண்டுவந்து தருவது என்று அவன் வாயால் ஒரு காரியம் வர வேண்டும். ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. பெரும்பாலான பள்ளிகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முதல் நாள் எல்லாரும் சத்தம் போடுகிறார்கள், அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பசங்களுக்கு அது தெரியும்.

பிரேயரில் நிறுத்தி அவமானப்படுத்துவது, முட்டி போடவைப்பது, பிரம்பு எல்லாம் கூடவே கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009ன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், பலம் உள்ளவன் பலமில்லாதவனைக் கூட்டத்துக்கு முன்னால் குறுகவைக்கலாம் என்பதைத்தான் அந்தத் தண்டனையும் கற்றுக்கொடுக்கிறது. டி.சி. கொடுத்து அனுப்புவதும் அப்படித்தான், பிரச்சினையை அடுத்த பள்ளிக்கு ஏற்றுமதி செய்கிறோம். மன்றத்திலிருந்து நீக்கினால் பயிற்சி நேரத்தில் அந்த மூன்று பேரும் எங்கே இருப்பார்கள் என்று யோசியுங்கள். பெரியவர் யாரும் இல்லாத இடத்தில் இருப்பார்கள். சில நாள் விளையாட்டிலிருந்து நிறுத்தி, மைதானத்துக்கு வரவைத்து, உங்கள் கண் முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோரைக் கூப்பிடும்போது இரு தரப்பையும் ஒரே நேரத்தில் கூப்பிடாதீர்கள். ஊரில் இது சட்டென்று பெரியவர்கள் சண்டையாக, சாதிச் சண்டையாக மாறிவிடும். "எம்பையன் அடி வாங்கிட்டு வரமாட்டானுங்க, அடிச்சுட்டுத்தான் வருவான்" என்று பெருமையாகச் சொல்லும் அப்பாக்கள் நிறையப் பேர். அவர்களிடம் வாதாட வேண்டாம். நோட்டில் எழுதியதை வாசித்துக் காட்டி, "பையன் நல்லா வரணும்னுதானுங்க கூப்பிட்டோம்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். செய்கிற பிள்ளைகளில் சிலர் வீட்டில் அடி வாங்குகிறவர்கள். சிலர் ஒரு இடத்தில் கேலி பண்ணி இன்னொரு இடத்தில் கேலிக்கு ஆளாகிறவர்கள். இவர்கள்தான் மிகவும் நொந்துபோனவர்கள். அதேசமயம் எல்லாருமே அப்படி இல்லை. நன்றாகப் படிக்கிற, ஆசிரியருக்குச் செல்லமான, கூட்டம் சேர்க்கத் தெரிந்த பிள்ளையும் இதைச் செய்யும். அவனை யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்பதுதான் அவன் பலம்.

எல்லாவற்றையும் பேசித் தீர்க்க முடியாது. பாலியல் சீண்டல், அந்தரங்கப் படம் எடுத்து மிரட்டுவது என்றால் போக்சோ சட்டம் 2012 வருகிறது. தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. செய்தவனும் சின்னப் பையன்தானே என்று பள்ளிக்குள் பேசி மூடக்கூடாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இளைஞர் நீதிக் குழுமம் பார்த்துக்கொள்ளும். கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு, 1996ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வி உதவிக்கு 14417, மனசு சரியில்லை என்றால் பேச 14416, இணையக் குற்றத்துக்கு 1930. இந்த நான்கு எண்களையும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஆபீஸ் ரூம் சுவரில் ஒட்டினால் பயப்படுகிற பிள்ளை நின்று படிக்காது. சாகணும் போல இருக்கு என்று ஒரு பிள்ளை சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், அன்றைக்கே பெற்றோரிடமும் மருத்துவரிடமும் போக வேண்டும்.

அரசுப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் இருந்தால் யாரும் போடமாட்டார்கள். மாடிப்படி திரும்புகிற இடம் மாதிரி, யாரும் கவனிக்காமல் போடக்கூடிய இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு நாள் கட்டாயம் திறக்க வேண்டும். "பெட்டியில வந்த ஒரு விஷயத்துக்காக இனி சைக்கிள் ஸ்டாண்டுல ஒரு சார் நிப்பாரு" என்று பொதுவாக, பெயர் வராமல், அறிவித்துப் பாருங்கள். பெட்டி அதற்குப் பிறகு நிறையும்.

செல்போன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர், எடிட் செய்த படம், பெயர் சொல்லாமல் நடத்தும் இன்ஸ்டாகிராம் பக்கம் எதுவானாலும் முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் பிளாக். கோபத்தில் அழித்துவிட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. அந்தரங்கப் படமாக இருந்தால் மட்டும், அதை வேறு போனுக்கு அனுப்பாமல் நேரே போலீசில் காட்டுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் போனைப் பிடுங்காதீர்கள். சொன்னால் போன் போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆசிரியர் இருக்கட்டும். ஆசிரியர் இல்லாத இன்னொரு குரூப் இருக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

மன்றத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு. பள்ளிக்கு விதிமுறை, அதிகாரி, உதவி எண் எல்லாம் இருக்கிறது. ஊர் மன்றத்துக்கு நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். அதனால் உங்கள் வாய்தான் அங்கே சட்டம். ஒரு பையன் ரெய்டு போய்ப் பிடிபட்டு வந்ததும் பயிற்சியாளர் "பொட்டப்புள்ளையாட்ட ஓடறான் பாரு" என்றால், அன்று சாயங்காலமே அது அவனுக்குப் பட்டப்பெயர். பயிற்சியாளர்களிடம் முதலில் இதைப் பேசுங்கள். தவறைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது. இரண்டு கேப்டன் நின்று ஆள் பொறுக்கும் முறையை விட்டுவிடுங்கள். தினமும் கடைசியாக நிற்பவன் ஒரே பையன்தான். நீங்களே அணி பிரியுங்கள், வாரா வாரம் மாற்றுங்கள். தண்ணீர் எடுத்துவருவது, மண் கிளறிப் போடுவது, ஜெர்சி துவைப்பது எல்லாம் முறை வைத்து. பெரிய பசங்களுக்கும் முறை வரும். பட்டப்பெயரில் எது பிரியம், எது குத்தல் என்று குழப்பம் வந்தால், அந்தப் பெயரை அவனே புது ஆளிடம் சொல்லி அறிமுகம் செய்துகொள்வானா என்று பாருங்கள். செய்துகொள்ளமாட்டான் என்றால் அந்தப் பெயர் மன்றத்தில் ஒலிக்கக்கூடாது.

வெளியூர் மின்னொளி கபடிப் போட்டிக்குப் போகும்போது அதிக கவனம் வேண்டும். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, தோற்றுவிட்டு, வேனில் திரும்பும் நேரத்தில் ஒருவன் தலையில் தோல்வியைக் கட்டிவிடுவார்கள். கூட இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். சின்னப் பையன்கள் வேனில் பெரியவருக்குப் பக்கத்துச் சீட்டில். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையுடனும் தனியே இரவு தங்கக்கூடாது என்பதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் அணி இருந்தால் அவர்களோடு ஒரு பெண்மணி போக வேண்டும், உடை மாற்ற இடம் உறுதியான பிறகுதான் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டும்.

அந்த ஒடிசாப் பையனுக்குக் கவுன்சலிங் கேட்டிருந்தீர்கள். அவன் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைவிட முன்னால் அவனுக்கு வேண்டியது ஒரு சிநேகிதன். ஒரே ஒரு நல்ல நண்பன் இருக்கிற பிள்ளைக்குக் கேலி குறைவாக விழுகிறது, விழுந்தாலும் குறைவாகவே காயமாகிறது. "இவனோட சேருங்கடா" என்று உத்தரவு போட்டால் நடக்காது. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாகக் கொடுங்கள். அவன் எதில் கெட்டிக்காரன் என்று கண்டுபிடித்து அதை அவன் மற்றவர்களுக்குக் காட்ட வாய்ப்புக் கொடுங்கள். வகுப்பிலும் மைதானத்திலும் அவன் முழுப் பெயரைச் சரியான உச்சரிப்பில் நீங்கள் சொல்லிக் கூப்பிடுங்கள். தெரியாவிட்டால் அவனிடமே கேட்டுப் பழகுங்கள். பெரியவர்கள் பத்து நாள் விடாமல் அப்படிக் கூப்பிட்டால் பசங்கள் வாயிலும் அந்தப் பெயர் வரும். தமிழ் வாசிப்பில் அவன் பின்தங்கியிருந்தால், தனியாகச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் எழுந்து நின்று தடுமாறி வாசிக்கவைத்தால் அதுவே அடுத்த கேலிக்கு வழி.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பொதுவான பேச்சாக வைக்காதீர்கள், தீர்மானமாக வையுங்கள்: வரைபடம் எந்த வாரம், இடைவேளைப் பொறுப்பு யார் யாருக்கு, புகார் வந்தால் எந்த ஆசிரியர் பேசுவார், இரண்டு வாரம் கழித்து யார் திரும்பக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். பிள்ளைகள் தங்கள் பெயர் எழுதாமல் பதில் சொல்லும் நாலு கேள்விகளை எல்லாருக்கும் இப்போதே கொடுத்து எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள்: போன இரண்டு மாதத்தில் உன்னை யாராவது கேலி, அடி, ஒதுக்கல் செய்தார்களா, எத்தனை தடவை, நீ யாருக்காவது செய்தாயா, யாரிடமாவது சொன்னாயா. அரையாண்டு முடிந்ததும் அதே கேள்விகளைத் திரும்பக் கொடுங்கள். எண்ணிக்கை முதலில் கூடித் தெரிந்தால் யாரும் பதற வேண்டாம். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் சொல்லத் தொடங்கியிருக்கலாம். நாலாவது கேள்விக்கு 'சொன்னேன்' என்ற பதில் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் இன்னொரு முறை எடுங்கள். முதல் மூன்று கேள்விகளின் எண் குறைய வேண்டியது அப்போதுதான். குறையவில்லை என்றால் வரைபடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், இடம் மாறியிருக்கும்.